கையை எப்போது இறக்கலாம்?

அக்டோபர் 4

அண்ணிக்கு,

என் குரலை இனிப் போனில் கேட்க விரும்பவில்லை என்று அண்ணன் மூலம் நீங்கள் சொல்லி அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. கடிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் விதியை நான் மீறவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

செய்தி இதுதான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஏழாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். ஓராண்டு தகுதிகாண் பருவம். அதற்குள் தலைமையாசிரியருக்கு என்னைப் பிடிக்காமல் போனால் அண்ணன் தலையில் மறுபடியும் வந்து உட்கார வேண்டியதுதான்.

நீங்கள் எழுதிய கையேட்டை முந்தின நாளே ஒரு முறை முழுக்கப் படித்தேன். ‘வகுப்பறை மேலாண்மை: நூறு வழிகள்’. நூறையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு போனேன். இரண்டாம் மாடி, கடைசி அறை. வராந்தாவில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. நான் தயாராக இருந்தேன்.

மணி அடித்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதுபோலக் குரலைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். உட்கார்ந்தார்கள். மின்விசிறியின் சத்தம் கேட்டது. அந்த விசிறிக்கு இப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று அதைப் பொருத்தியவருக்கே தெரிந்திருக்காது.

வருகைப் பதிவு எடுத்தேன். பெயரைக் கூப்பிட்டால் கை மட்டும் உயர்ந்தது. “இன்னைக்கு என்ன கிழமை?” என்று கேட்டேன். நாற்பத்து மூன்று நோட்டுகள் திறந்தன. நாற்பத்து மூன்று பேரும் ‘வெள்ளி’ என்று எழுதித் தூக்கிக் காட்டினார்கள்.

தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். வகுப்பு வாசலில் புதிதாகப் பெயின்ட் அடித்த பலகை மாட்டியிருக்கிறது: ‘முன்மாதிரி வகுப்பு’. இடைவேளையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்த வகுப்புக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். தொடாதீங்க.”

ஈரப் பெயின்ட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

அண்ணி, இது நல்லதா கெட்டதா? உங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
வாயாடி


அக்டோபர் 9

வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழ்த்துகள்.

பயிற்சி முகாமில் நடந்ததை நான் மறக்கவில்லை. ‘உயர்த்திய கை’ என்ற பதினேழாம் வழியை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, “அண்ணி, கை வலிச்சா என்ன பண்றது?” என்று கேட்டவள் நீ. இருநூறு ஆசிரியர்கள் சிரித்தார்கள். அதில் என் மேலதிகாரியும் ஒருவர். அன்று வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் முறையிட்டால், “ரெண்டு பேரும் டீச்சரு, நடுவுல நான்தான் பெஞ்சு. ஏறி நிக்கிறதுன்னா சொல்லிட்டு ஏறுங்க” என்கிறார். இருக்கட்டும். பெருந்தன்மையும் மேலாண்மையின் ஓர் அங்கம். வழி எண் 88.

நீ கண்டது பதினேழாம் வழியின் முழு வெற்றி. ஆசிரியர் பேசாமல் வலது கையை உயர்த்துகிறார். பிள்ளைகள் அமைதியாகிறார்கள். கை இறங்கும்வரை அமைதி தொடர்கிறது. உனக்கு முன்னால் அங்கே இருந்தவர் இதை நன்றாகப் பழக்கியிருக்கிறார். அவர் யாரென்று விசாரித்து எழுது, இரண்டாம் பதிப்பில் ஒரு வரி நன்றி சொல்லிவிடலாம். வகுப்பின் புகைப்படம் ஒன்றும் வேண்டும்.

இன்னொன்று. நவம்பர் 8 அன்று உன் பள்ளியில் ஆய்வு. குழுவில் நானும் இருக்கிறேன். அதுவரை தலைமையாசிரியர் சொன்னபடியே செய். தொடாதே.

மனம் தளராதே. நீங்கள் ஏற்றும் விளக்கு இன்று சிறிதாகத் தெரியலாம். நாளை அதன் வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே படிக்கும். உங்கள் கேள்விகள் உங்கள் ஆர்வத்தைக் காட்டுகின்றன.

அன்புடன்,
அண்ணி
ஆசிரியர் ஊக்குவிப்புப் பிரிவு


அக்டோபர் 16

அண்ணி,

விளக்குக்கு நன்றி. திடீரென்று என்னை ‘நீங்கள்’ என்று எழுதியிருந்ததால் யாரைச் சொல்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு வாரமாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு ஜோக் சொன்னேன். நாற்பத்து மூன்று தோள்கள் குலுங்கின. கடைசி பெஞ்சில் ஒருத்தி பைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். சத்தம் மட்டும் வரவில்லை. தப்பு தப்பாகக் கணக்குப் போட்டேன். எல்லாரும் நெளிந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் ஆசிரியரின் தப்பைக் கண்டுபிடித்தும் சும்மா இருப்பது இயற்கையில் இல்லாத விஷயம்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஒருத்தியின் விரல் டெஸ்க் மூடியில் நசுங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் சிவந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வாய் மூடியே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் பேசவில்லை.

ஆசிரியர் அறையில் போய்க் கேட்டேன். “எனக்கு முன்னாடி இருந்த டீச்சர் எங்க சார்?”

கணக்கு வாத்தியார் தலை நிமிராமல் சொன்னார்: “போயிட்டாங்க.”

“எங்க போனாங்க?”

“கேட் வழியா.”

நான் வரும்வரை இருந்த எட்டு வாரமும் அவருக்கு வசந்த காலம். மாற்று வகுப்பு என்றால் என் வகுப்புக்குத்தான் வருவாராம். நன்றாகத் தூக்கம் வந்ததாம்.

காவலாளியிடம் போனேன். “ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிம்மா. ரெண்டாவது பீரியடு. மாடியிலேர்ந்து இறங்கி, கிரவுண்டுல நேரா நடந்து வராங்க. வலது கை இப்படி மேல நிக்குது. எனக்கு டாட்டா காட்டுறாங்கன்னு நினைச்சு நானும் காட்டினேன். பதில் சிரிப்பு வரல. அப்படியே போயிட்டாங்க.”

வகுப்புத் தலைவியை மாடிப்படிக்குக் கூட்டிப் போனேன். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காம்பை நூலால் கட்டியிருக்கும் பெண். அறைக்கு வெளியே வந்ததும் குழாய் திறந்ததுபோலப் பேசினாள். அன்று எல்லாரும் சேர்ந்து டெஸ்க்கைத் தட்டினார்களாம். டீச்சர் கையைத் தூக்கினார். அடங்கவில்லை. தூக்கிய கையோடு பத்து நிமிடம் நின்றார். பிறகு அழுதார். பிறகு அந்தக் கையோடே வெளியே போனார். இவர்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அப்போதுதான் அடங்கியிருக்கிறார்கள்.

“சரி, அதுக்கு இன்னும் ஏன் பேச மாட்டேங்கிறீங்க?”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அண்ணி. இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“கை இன்னும் மேலதானே டீச்சர் இருக்கு? அவங்க இறக்கவே இல்லையே. நாங்க பேசினா அவங்க வரவே மாட்டாங்க.”

ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்களாம். நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்து மூன்று.

உங்கள் கையேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கை இறங்காவிட்டால் என்ன செய்வது என்று எங்கும் இல்லை. நூறு வழிகளில் ஒன்றிலும் இல்லை.

வாயாடி


அக்டோபர் 18

அண்ணி,

முந்தைய கடிதம் உங்களுக்கு வந்து சேருவதற்கு முன்பே இதை எழுதுகிறேன்.

இன்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். சாக்பீஸ் துண்டுகள், வலி நிவாரணக் களிம்பு ட்யூப் ஒன்று, காலி. அதன் அடியில் மூன்று கடிதங்கள். ஆசிரியர் ஊக்குவிப்புப் பிரிவிலிருந்து அந்த டீச்சருக்கு வந்த பதில்கள். மூன்றிலும் உங்கள் கையெழுத்து.

முதல் கடிதத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. இன்று சிறிதாகத் தெரியலாமாம். நாளை அதன் வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே படிக்குமாம்.

மூன்றாவதிலும் அதே விளக்கு.

எனக்கு நீங்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கால்புள்ளிகூட மாறவில்லை. ஐந்து மாதத்துக்குப் பிறகு அண்ணி எனக்கு எழுதிய முதல் கடிதம் என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. நான் எத்தனையாவது பத்தி?


அக்டோபர் 24

வாயாடிக்கு,

நான்காவது.

மொத்தம் முப்பத்திரண்டு பத்திகள். ஆறு வருடத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்து எழுதியவை. சோர்வுக்கு ஒன்று முதல் ஏழு. உடல்நலக் குறைவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. கடிதம் வந்தால் எழுத்தர் அதில் ஏதாவது ஒரு சொல்லைப் பார்த்து எண் போடுவார். தட்டச்சாகி வரும். நான் கையெழுத்துப் போடுவேன். உனக்கு எழுதும்போது எழுத்தர் யாரும் இல்லை. என் கை தானாகவே நான்காவதை எழுதிவிட்டது. எழுதியது தெரியவேயில்லை. இதை நீ நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. ஆவண அறைக்குப் போனேன். அவருடைய கடிதங்கள் கிடைத்தன. ஆறு வருடத்தில் நான் அந்த அறைக்குள் போவது இதுவே முதல் தடவை. எழுத்தர் பயந்துபோய், “ஏதாவது தப்பு நடந்துடுச்சா மேடம்?” என்றார்.

முதல் கடிதம், ஜூன். ‘வகுப்பில் 43 பேர். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. என்ன செய்யலாம்?’ பதில்: பத்தி நான்கு. கையேட்டின் ஒரு பிரதி இணைக்கப்பட்டது.

இரண்டாவது, ஜூலை. ‘பதினேழாம் வழியைக் கடைப்பிடிக்கிறேன். கை மேலே இருக்கும்வரை அமைதி. இறக்கினால் கூச்சல். அதனால் வலது கையை உயர்த்தியபடியே இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகிவிட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல். தோள் வலிக்கிறது.’ வலி என்ற சொல் இருந்ததால் பதில்: பத்தி ஒன்பது. சத்தான உணவு, காலை நடை.

மூன்றாவது, ஆகஸ்ட் முதல் வாரம். ஒரே வரி. ‘கையை எப்போது இறக்கலாம்?’

பதில்: பத்தி நான்கு. கடைசியில் ‘உங்கள் கேள்விகள் உங்கள் ஆர்வத்தைக் காட்டுகின்றன’ என்ற வழக்கமான வரியையும் எழுத்தர் சேர்த்திருக்கிறார். அதன் கீழே என் கையெழுத்து. மூன்று கடிதங்களிலும் எங்கள் பிரிவின் ரப்பர் முத்திரை விழுந்திருக்கிறது: ‘ஊக்குவிக்கப்பட்டார்’.

நீ முகாமில் எழுந்து கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். உன்மேல் கோபப்பட்டேன். அவருக்கு வாழ்த்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.

நான் வகுப்பறையை விட்டுப் பதினொரு வருடமாகிறது. கை வலிக்கும் என்பது எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று எழுத நினைத்தேன். அது காரணமே இல்லை. கை எல்லாருக்கும்தான் இருக்கிறது.

அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு முறை கிழித்தேன். என்ன செய்வது?

அண்ணி


அக்டோபர் 28

அண்ணி,

கடிதம் எழுதாதீர்கள். அவருக்கு நீங்கள் ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டீர்கள். நேரில் போங்கள். பதிவேட்டில் இருந்த முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

இங்கே ஆய்வுக்கு ஒத்திகை நடக்கிறது. தலைமையாசிரியர் தினமும் காலையில் வந்து ஒரு குண்டூசியைக் கீழே போட்டுப் பார்க்கிறார். விழும் சத்தம் கேட்டால் திருப்தி. நேற்று எனக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “எட்டாம் தேதி இந்த வகுப்புல ஒரு இருமல் கேட்டாலும் அது உங்க கணக்குலதான்மா. தகுதிகாண் பருவம், ஞாபகம் இருக்கட்டும்.”

வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான். போகக் கூடாது. எனக்கு இந்த நாற்பத்து மூன்று பேரில் தலைவி ஒருத்தியின் குரல்தான் தெரியும், அண்ணி. மாடிப்படியில் கேட்கும் கூச்சலில் எது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கேயும் போவதாக இல்லை.

நானே கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். மரியாதையாகப் பார்த்தார்கள். தலைவி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: ‘இது உங்க கை டீச்சர்.’

வாயாடி


நவம்பர் 3

வாயாடிக்கு,

போனேன்.

திரைச்சீலை தைக்கும் கடை. அவருடைய தம்பியின் கடை. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்ததும் மாணவிபோலக் கைகட்டி நின்றது நான்தான். பெயரைச் சொன்னேன்.

“ஓ, அந்த விளக்கு மேடமா?” என்றார். கோபம் இல்லை. திரைச்சீலைக்கு என்ன அகலம் என்று கேட்கும் குரல்.

முப்பத்திரண்டு பத்திகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. “மன்னிச்சிடுங்க” என்றேன். அது எந்தப் பத்தியிலும் கிடையாது.

ஸ்டூலை இழுத்துப் போட்டார். “விடுங்க மேடம். நீங்க பதில் போட்டீங்களே, அதுவே பெருசு. எங்க ஹெச்.எம். அதுகூடப் பண்ணல.”

இது இன்னும் மோசமாக இருந்தது.

பிள்ளைகள் இன்னும் பேசவில்லை என்று சொன்னேன். கத்தரிக்கோல் அவர் கையிலிருந்து நழுவித் துணிமேல் விழுந்தது.

“இன்னுமா?”

“கை இன்னும் மேலயே இருக்குன்னு சொல்றாங்களாம்.”

“ஐயையோ.” வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: “நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல மேடம். கை மேல இருந்ததே எனக்குத் தெரியாது. பஸ்ஸுல ஏறினதும் கம்பியப் பிடிக்கணுமே, அப்பதான் பார்த்தேன். அங்கதான் இறக்கினேன். அதுங்க இல்லாத இடத்துல இறக்கிட்டேன்.”

வருவீர்களா என்று கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன். “அந்தப் படியில இன்னொரு தடவை ஏற முடியுமான்னு தெரியல” என்றார். வற்புறுத்தவில்லை. வழி எண் 41 வற்புறுத்தச் சொல்கிறது.

ஆய்வுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். காரணம் கேட்டார்கள். பதினேழாம் வழியைத் திருத்த வேண்டும் என்றேன். இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டதாம். அட்டைப் படத்தில் உயர்ந்த கை ஒன்று.

எட்டாம் தேதி என்ன நடந்தாலும் எழுது.

அண்ணி


நவம்பர் 15

அண்ணி,

எட்டாம் தேதி நடந்ததை இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

ஆய்வுக் குழுவினர் மூன்று பேர் பின்சுவரோடு நின்றார்கள். தலைமையாசிரியர் குண்டூசியோடு வந்திருந்தார். போட்டார். கேட்டது. குழுத் தலைவர், “அபாரம்” என்று கிசுகிசுத்தார். இந்த அறையில் கிசுகிசுக்கத்தான் தோன்றும்.

அப்போது வாசலில் ஒரு நிழல். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் கழுத்தில் அளவு நாடா. எடுத்து வைக்க மறந்து வந்திருக்கிறார். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

நாற்பத்து மூன்று தலைகளும் திரும்பின. யாரும் அசையவில்லை. அவர் உள்ளே வந்து, முதல் பெஞ்சுக்கு முன்னால் நின்று, எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். இறக்குவதற்கு முதலில் தூக்க வேண்டுமே. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு வலது கையைத் தூக்கினார். தோளில் வலித்தது முகத்தில் தெரிந்தது.

இறக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை, அண்ணி. விசிறி சுற்றியது. மூன்று சுற்று, நான்கு சுற்று. பேசவே மறந்துவிட்டார்களோ என்று தோன்றியது.

தலைவி எழுந்தாள். நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “ஏன் டீச்சர் இவ்ளோ லேட்டு?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத்தில் சொல்ல முடியாது. மூன்று மாதப் பேச்சு ஒரே நிமிடத்தில் வந்தது. டெஸ்க்கைத் தட்டினார்கள், அழுதார்கள், ஒருவர்மேல் ஒருவர் புகார் சொன்னார்கள். விரல் நசுங்கியவள் நகத்தைக் காட்டி அப்போதுதான் “அம்மா!” என்று கத்தினாள். தலைமையாசிரியர் ஒரு கையைத் தூக்கினார். பிறகு இரண்டு கையையும் தூக்கினார். கணக்கு வாத்தியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தார். குழுத் தலைவர் குறிப்பேட்டில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார்.

பழைய டீச்சர் மணி அடிக்கும்வரை இருந்தார். திரும்ப வேலைக்கு வர மாட்டாராம், கடை பிடித்திருக்கிறதாம். அங்கே துணி திருப்பிப் பேசுவதில்லையாம். போகும்போது கிரவுண்டில் நின்று திரும்பிக் கையைத் தூக்கி ஆட்டினார். காவலாளியும் ஆட்டினார். இந்த முறை சிரிப்பு வந்தது.

அன்று மாலையே எனக்கு மெமோ. ‘மூன்று மாதம் அமைதியாக இருந்த வகுப்பு உங்கள் பொறுப்பில் பேசத் தொடங்கியதற்கு விளக்கம் தருக.’ ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: ‘கை இறக்கப்பட்டது.’

தகுதிகாண் பருவத்தை இன்னும் ஓராண்டு நீட்டியிருக்கிறார்கள். அனுப்பவில்லை. ஏழாம் வகுப்பு இரண்டாம் பிரிவுக்கு வர வேறு யாரும் சம்மதிக்கவில்லையாம். ‘முன்மாதிரி வகுப்பு’ பலகையைக் கழற்றி, ஆளில்லாத பழைய ஆய்வுக்கூடத்தின் வாசலில் மாட்டியிருக்கிறார்கள். அங்கே அமைதி பிரமாதம்.

தொண்டை கட்டிவிட்டது. என் குரலும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எண் போட்டுப் பதில் எழுதாதீர்கள்.

வாயாடி


டிசம்பர் 3

வாயாடிக்கு,

எனக்கும் தெரியவில்லை. இதுதான் என் பதில்.

மறுபடி வகுப்பறை வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தேன். பிரிவில் அதிர்ந்துபோனார்கள். எழுத்தர் என் விண்ணப்பத்தின்மேலும் பழக்கத்தில் ‘ஊக்குவிக்கப்பட்டார்’ என்று குத்திவிட்டார். நேற்று வேலையில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பேர்.

பயங்கரம். நான் வந்ததை முன்னால் இருந்த நான்கு பேர் தவிர யாரும் கவனிக்கவில்லை. நூறு வழிகளும் என் பையில் இருந்தன. பையைத் திறக்கும் அளவுக்குக்கூட அவகாசம் இல்லை. யாரோ என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் போட்டு ஏறி நின்றார்கள்.

செய்யக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். பதினொரு வருடமாக மேடையில் செய்து காட்டிய பழக்கம் விடவில்லை. வலது கை தானாக உயர்ந்துவிட்டது. யாரும் அடங்கவில்லை. அப்படியே நின்றேன். இரண்டு நிமிடத்தில் தோளில் ஒரு இழுப்பு தொடங்கியது. நீ சொன்னது சரி. வலிக்கிறது.

முதல் பெஞ்சில் பல் விழுந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் திரும்பி, “ஏய், சும்மா இருங்கடி! டீச்சருக்கு ஏதோ சந்தேகமாம்!” என்று கத்தினாள். என்னிடம் திரும்பி, கருணையோடு சொன்னாள்:

“கேளுங்க டீச்சர்.”

கையை இறக்கிவிட்டு, “உங்க பேரெல்லாம் என்ன?” என்று கேட்டேன்.

முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை. இன்றைக்கும் கேட்கப் போகிறேன்.

அண்ணி

பி.கு.: உனக்குத் தோன்றினால் போன் செய். குறுக்கே பேசலாம்.